நல்வாய்மையும் நற்கடைப்பிடியும்

(சங்கத்தின் வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஓலைக் கொட்டகையில், ஒரு கரும்பலகையோடும் இரவல் வாங்கிய நான்கு பாய்களோடும் நம் மாலைப் பாடசாலை தொடங்கிற்று. அன்று அப்பாய்களில் அமர்ந்து படித்தவர்களில் சிலர் இன்று ஆசிரியராகவும் செவிலியராகவும் அரசு அலுவலராகவும் இப்பந்தலில் நிற்கின்றனர். இவ்விழாவின் பெருமை அவர்களே. அவர்களைப் பற்றிப் பிறர் பேசுவர். நாம் வேறொன்றைப் பேச அழைக்கப்பட்டுள்ளோம்.

விழாக்குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு 'இளைஞரும் நாவடக்கமும்' என்பதாகும். குழுவினர் பொறுத்தருள வேண்டும்; அத்தலைப்பைச் சற்றே மாற்றிக்கொள்ள விரும்புகின்றோம். நாவடக்கம் நல்ல சொல்தான். ஆயினும் அச்சொல்லை நம் மக்களுக்குப் பிறர் பல தலைமுறைகளாகப் போதித்து வந்துள்ளனர். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகட்டி, வாய்புதைத்து நிற்பதே நமக்கு ஒழுக்கமென்று விதித்தனர். கூலி குறைந்தால் கேளாதே என்றனர். கேட்டால் 'வாய்க்கொழுப்பு' என்றனர். நம் பாட்டன்மார் அடக்கிய நா, அன்பினால் அடங்கியதன்று, அச்சத்தினால் அடங்கியது. ஆதலின் நாவை அடக்குவதைப் பற்றி நாம் இளைஞர்க்குச் சொல்ல வரவில்லை. நாவைத் திறப்பது எப்படி, திறந்த நாவால் பொய்யும் புண்ணும் விளையாமல் காப்பது எப்படி என்பதையே பேச வந்துள்ளோம்.

வாய் திறந்த வரலாறு

நம் விடுதலை வரலாறே பேச்சுரிமையை மீட்ட வரலாறுதான். 1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். பிறர் வசையாக வீசிய 'பறையன்' என்னும் சொல்லையே அவ்விதழுக்குப் பெயராகச் சூட்டினார். வெட்கப்பட வேண்டியவர் நாமல்லர் என்பதை அப்பெயர் ஒன்றே உணர்த்திற்று. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். நம்மை இழிவுபடுத்திய சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் மூலத்தை ஆராய்ந்து, எதிர்ப்பக்கத்தாரிடம் வினா எழுப்பினார். 1920 சனவரித் திங்கள் 31ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்தியில் தொடங்கிய இதழின் பெயர் 'மூக்நாயக்'. ஊமைகளின் தலைவன் என்பது அதன் பொருள். பேச வாயிருந்தும் பேச இடமில்லாத மக்களின் குரலாக அது வெளிவந்தது.

இம்மூவரும் நமக்கு ஈட்டித் தந்த செல்வம் பேச்சு. அதனை நாம் எவ்வாறு செலவிடுகின்றோம்? இக்கேள்வியை எழுப்புமுன், எங்கள் குற்றமொன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

நாங்கள் இழந்த மாணவன்

சங்கம் தொடங்கிய நான்காம் ஆண்டு. பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கில் அவனுக்கு நிகரில்லை. பொதுத்தேர்வுக்கு மூன்று திங்களே இருந்த வேளையில் அவன் நாள்தோறும் தாமதமாக வரத் தொடங்கினான். வந்தாலும் சுவரில் சாய்ந்து உறங்கினான். காரணம் கேட்டபோது ஒருநாள் காய்ச்சல் என்றான்; மறுநாள் பேருந்து வரவில்லை என்றான். இரண்டும் பொய் என்பது எங்களுக்குத் தெரிந்தது. ஒன்பதாம் நாள், பிள்ளைகள் அனைவரும் பார்த்திருக்க, அவனை எழுப்பி நிறுத்தி, "உனக்கெல்லாம் படிப்பு ஒரு கேடா?" என்று கேட்டோம்.

அவன் மறுமொழி கூறவில்லை. ஏட்டை மூடிப் பையில் வைத்தான், எழுந்து போனான். மறுநாள் வரவில்லை. பத்து நாள் கழித்தே அவன் வீட்டிற்குச் சென்றோம். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த தாய் பாயில் கிடந்தார். அவன் விடியற்காலை மூன்று மணிக்கே செங்கல் சூளைக்குச் சென்று லாரியில் கல் ஏற்றி, அக்கூலியில் வீட்டைக் காத்து வந்திருக்கின்றான். அதனைச் சொல்ல வெட்கம். நாங்கள் சென்ற நாளில் அவன் அங்கு இல்லை. ஒரு மேஸ்திரியோடு வெளியூர் போய்விட்டான். அவ்வாண்டு அவன் தேர்வு எழுதவில்லை.

இளைஞர்களே, அன்று நாங்கள் கூறிய சொல் எங்கிருந்து வந்தது என்று பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்தோம். அது எங்கள் சொல்லன்று. எங்கள் தந்தையர் எங்களைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது நிலக்கிழார் ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொன்ன சொல் அது. முப்பது ஆண்டுகளாக எங்கள் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்த அச்சொல்லை, எங்கள் பிள்ளையின் நெஞ்சில் நாங்களே எடுத்துக் குத்தினோம். சினம் வந்த நொடியில் எங்கள் வாய் எங்களுடையதாக இல்லை. அவனுடைய வாயும் அவனுடையதாக இல்லை. வெட்கமே அவனைப் பொய் பேசவைத்தது. அவன் உண்மையைச் சொல்ல அஞ்சினான். நாங்கள் அன்போடு கேட்க மறந்தோம். இவ்விரண்டு குறைகளுக்கும் நடுவே ஒரு படிப்பு நின்றுபோயிற்று.

இதன்பிறகே, இதற்கு மருந்து ஏதேனும் உண்டா என்று தேடலானோம்.

புத்தர் பெருமான் கூறிய வழி

புத்தர் வகுத்த எட்டு நெறிகளைத் தமிழறிஞர்கள் நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்று பெயரிட்டு வழங்குவர். இவற்றுள் மூன்றாவது நல்வாய்மை, ஏழாவது நற்கடைப்பிடி. பாலி மொழியில் இதனைச் 'சதி' என்பர். நினைவு என்பது அச்சொல்லின் அடிப்பொருள். கடைப்பிடி என்பதற்கும் 'கொண்ட பொருளை மறவாமை' என்றே பழைய உரைகாரர் பொருள் கொண்டனர். இப்போது நம் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை மறவாதிருத்தலே நற்கடைப்பிடி. இக்காலத்தார் விழிப்புணர்வுப் பயிற்சி என்று சொல்வதும் இதனையே. வாய்மையைக் காக்க விரும்புவோர்க்குக் கடைப்பிடி காவலாகின்றது.

நல்வாய்மை யாது என்பதை அம்பேத்கர் தம் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் விளக்கியுள்ளார். அவர் மறைந்த பின்னர் 1957இல் வெளிவந்த நூல் அது. உண்மை பேசுதல், பிறரைப் பழியாமை, சினமொழி தவிர்த்தல், அனைவரிடமும் கனிவாய்ப் பேசுதல், பயனற்ற பேச்சை நீக்குதல் ஆகியவற்றைக் கூறிய பின்னர் அவர் இன்னொன்றையும் சேர்க்கின்றார். அச்சத்தினாலோ ஆதாயத்தினாலோ பேசுவது நல்வாய்மையாகாது. மேலிருப்பவன் என்ன நினைப்பான் என்பதும், இதனால் நமக்கு என்ன இழப்பு வரும் என்பதும் அதற்கு அளவுகோலல்ல என்கின்றார். நம் மக்கள் இதனை மனத்தில் பொறித்துக்கொள்ள வேண்டும். கனிவாகப் பேசு என்று அவர் சொல்வது, பணிந்து பேசு என்பதாகாது. பணிவு ஆண்டையை நோக்கியது. கனிவு மனிதனை நோக்கியது. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அவர் பௌத்தம் தழுவியபோது அளித்த 22 உறுதிமொழிகளுள் பொய் பேசாமையும் உயிர்களிடத்து அருளும் இடம்பெற்றுள்ளன.

பாலி நூல்களில் காணப்படும் இரு நிகழ்ச்சிகளை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, புத்தர் தம் மகன் இராகுலனுக்குக் கூறிய அறிவுரை. அப்போது அவனுக்கு ஏழு வயது என்பர் உரைகாரர். தந்தை வரக் கண்ட சிறுவன் இருக்கை இட்டுக் கால் கழுவ நீர் வைத்தான். புத்தர் கால் கழுவிய பின், பாத்திரத்தில் சிறிது நீரை மீதம் வைத்துக் காட்டினார். அறிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் உள்ள துறவு இவ்வளவே என்றார். அந்நீரைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காட்டினார். பின்னர், கண்ணாடி எதற்குப் பயன்படும் என்று வினவினார். பார்ப்பதற்கு என்றான் சிறுவன். அவ்வாறே ஒவ்வொரு செயலையும் சொல்லையும் எண்ணத்தையும் முன்னர் ஒருமுறை, நிகழும்போது ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை பார்த்துக்கொள் என்றார். இது எனக்குத் தீங்கு தருமா, பிறர்க்குத் தீங்கு தருமா என்று பார்க்க வேண்டும். தவறிவிட்டால் ஆசிரியரிடமோ நல்ல தோழரிடமோ அதனைத் திறந்து சொல்ல வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோக மன்னர் துறவியரும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டியவை என்று சில உரைகளைக் கல்லில் வெட்டுவித்தார். இராசத்தானத்துப் பைராட்டில் கிடைத்த அக்கல்வெட்டில், பொய்மை பற்றி இராகுலனுக்குக் கூறிய உரையும் பெயர் சுட்டப்பெற்றுள்ளது.

அன்று எங்களிடம் அக்கண்ணாடி இருந்திருப்பின், அம்மாணவனை எழுப்பி நிறுத்துமுன் ஒருமுறை பார்த்திருப்போம். சொல்லும்போதாவது அவன் முகம் வாடியதைக் கண்டு நிறுத்தியிருப்போம். சொன்னபின்னாவது அன்றிரவே அவன் வீட்டுக்குச் சென்றிருப்போம். மூன்று வாயில்கள் இருந்தும் மூன்றையும் கடந்துபோனோம்.

இரண்டாவது நிகழ்ச்சி அபயன் என்னும் இளவரசனைப் பற்றியது. புத்தர் பிறர்க்குக் கசப்பான சொல்லைச் சொல்வாரா, சொல்லமாட்டாரா என்று அவன் கேட்டான். எவ்வகையில் விடை கூறினும் அவரை மடக்கிவிடலாம் என்பது அவன் எண்ணம். அவன் மடியில் அப்போது ஒரு குழந்தை இருந்தது. இக்குழந்தை ஒரு குச்சியையோ கூழாங்கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என் செய்வாய் என்று புத்தர் திருப்பிக் கேட்டார். தலையைப் பிடித்துக்கொண்டு, விரலை விட்டு, குருதி வந்தாலும் எடுத்துவிடுவேன்; குழந்தையின்மீது எனக்கு இரக்கமுண்டு என்றான் அபயன். உண்மையும் நன்மையும் உடைய சொல் கசப்பாயினும், காலமறிந்து தாமும் அவ்வாறே சொல்வதாகப் புத்தர் விளக்கினார்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? அருளுடைய பேச்சு எப்போதும் இனிப்பாகவே இருக்க வேண்டுவதில்லை. குடித்துவிட்டுக் கூலியைத் தொலைக்கும் அண்ணனிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். கணக்குக் காட்டாத சங்க நிருவாகியிடம் கணக்கைக் கேட்கத்தான் வேண்டும். ஆயினும் குழந்தையின் வாயில் விரல் விடுபவனுக்கு, கல்லை எடுப்பதே நோக்கம். குழந்தையை வருத்துவது நோக்கமாகாது. பேசுமுன் நம் நோக்கம் எது என்று அறிவதற்கு ஒரு நொடி வேண்டும். அந்நொடியை எங்கிருந்து பெறுவது?

மூச்சில் கிடைக்கும் நொடி

அதற்கே பயிற்சி. இதற்குக் கோயில் வேண்டா, பொருட்செலவும் இல்லை. எந்தச் சமயத்தாரும், சமயம் இல்லாதவரும் செய்யலாம். காலையிலோ இரவிலோ பத்து நிமிடம் முதுகு நிமிர்ந்து அமருங்கள். மூச்சு உள்ளே போவதை அறியுங்கள். வெளியே வருவதை அறியுங்கள். நீண்ட மூச்சை நீண்டதென்றும் குறுகிய மூச்சைக் குறுகியதென்றும் அறிந்தால் போதும். அதனை மாற்ற முயல வேண்டா. மனம் நாளைய தேர்வுக்கோ நேற்றைய சண்டைக்கோ ஓடும். ஓடியது தெரிந்தவுடன் மூச்சுக்குத் திரும்புங்கள். நூறுமுறை ஓடினால் நூறுமுறை திரும்புங்கள். அவ்வாறு திரும்புவதே பயிற்சி.

சில நாளில் இன்னொன்று விளங்கும். சினமுள்ள மனத்தைச் சினமுள்ள மனமென்று அறிய வேண்டும் என்பது புத்தரின் உரை. சினம் வருமுன் தாடை இறுகும், காது சூடேறும், மூச்சு மேலேறும். இவற்றை அறிந்தவன் 'எனக்குச் சினம் வந்திருக்கின்றது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அவ்வளவில் சினம் அவனுக்கு முன்னால் நிற்கும் ஒரு பொருளாகிவிடும். அவன்மேல் ஏறி அமராது. வசைக்கும் நம் மறுமொழிக்கும் இடையே ஒரு மூச்சளவு இடம் கிடைக்கும். அவ்விடத்தில்தான் மனிதன் தன் சொந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கின்றான்.

வியத்நாமியத் துறவி திக் நாட் ஹான் போர்க்காலத்தில் கிராமங்களில் தொண்டாற்ற இளைஞர்களைத் திரட்டியவர், 2022இல் மறைந்தார். மணியோசை கேட்டால் செய்யும் வேலையை நிறுத்தி மூன்றுமுறை மூச்சை அறியுமாறு அவர் தம் மாணவர்களைப் பழக்கினார். நம் பிள்ளைகளுக்கும் பள்ளிமணி உண்டு. அதுவே போதும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகின்றோம். பெருங்கொடுமைக்கு ஆளானவர் சிலர்க்குக் கண்மூடி அமர்ந்தால் பழைய நினைவுகள் வந்து அலைக்கும். அத்தகையோர் வலிந்து அமர வேண்டா. மெல்ல நடந்துகொண்டே பாதம் தரையில் படுவதை உணரலாம்; நம்பத்தகுந்த மூத்தோரிடமும் மருத்துவரிடமும் பேசலாம்.

நாஷ்வில் நகரத்து மாணவர்கள்

'இதெல்லாம் துறவிகளுக்குப் பொருந்தும், அடிபடுகிறவனுக்குப் பொருந்துமா?' என்று உங்களில் சிலர் எண்ணலாம். அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் 1960ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் கேளுங்கள். அந்நகரக் கடைகளில் கருப்பின மக்கள் பொருள் வாங்கலாம். அக்கடைகளின் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்து உண்ணக் கூடாது. இரட்டைக் குவளையைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கருப்பினக் கல்லூரி மாணவர்கள் அந்த இருக்கைகளில் சென்று அமர்வதென்று முடிவு செய்தனர். உடனே செல்லவில்லை, பல மாதம் பயின்றனர். அவர்களைப் பயிற்றியவர் ஜேம்ஸ் லாசன். 1953 முதல் சில ஆண்டுகள் நம் நாட்டு நாகபுரியில் கல்லூரிப் பணியாற்றிச் சத்தியாக்கிரக முறையைக் கற்றுச் சென்றவர் அவர். தேவாலயம் ஒன்றில் மாணவர் சிலர் நாற்காலிகளில் அமர்வர், மற்றவர் பகைவராக நடித்து அவர்களை இனப்பெயர் சொல்லி வைவர், பிடித்துத் தள்ளுவர், முகத்தில் புகை விடுவர். அமர்ந்திருப்பவர் சினத்தைத் தம்முள் கண்டு, கைஓங்காமல், வசைபாடாமல் இருக்கப் பழகினர். போராட்டத்திற்கென எழுதிய விதிகளில், திருப்பி அடிக்காதே, திருப்பி வையாதே என்பனவற்றோடு, நிமிர்ந்து உட்கார் என்பதும் ஒன்று. நம் பயிற்சியின் முதல் விதியும் அதுவே அன்றோ!

பிப்ரவரித் திங்களில் அறப்போர் தொடங்கிற்று. ஏப்ரல் 19ஆம் நாள், மாணவர்க்காக வழக்காடிய கருப்பின வழக்கறிஞரின் வீடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானோர் முழக்கமின்றி நடந்து நகர மன்றத்தை அடைந்தனர். படிக்கட்டில் நகர மேயர் பென் வெஸ்ட் நின்றார். சி. டி. விவியன் என்னும் சமயத் தொண்டர் மேயரின் தவறுகளைக் கடுமையாகச் சாடும் அறிக்கையைப் படித்தார். மேயர் சினந்தார், இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. அப்போது டயான் நாஷ் என்னும் மாணவி முன்வந்தார். வயது இருபத்தொன்று. நிறத்தை மட்டும் காரணமாக்கி ஒரு மனிதரை ஒதுக்குவது தவறென்று நீங்கள் கருதுகின்றீர்களா என்று மேயரிடம் நேராக வினவினார். மேயர் என்ற பதவியை நோக்கி அவ்வினா செல்லவில்லை; அப்பதவிக்குள் இருந்த மனிதரை நோக்கிச் சென்றது. தவறுதான் என்று அம்மனிதர் மக்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். மே 10ஆம் நாள் ஆறு கடைகள் கருப்பின மக்களை அமரவைத்து உணவளிக்கத் தொடங்கின.

விவியன் சொன்னதும் உண்மையே. அதனைக் குறைகூற நாம் யார்? ஓர் உண்மை மனிதரின் செவியை மூடவும் கூடும்; அதே உண்மை திறக்கவும் கூடும். அதனைத் திறக்கும் வகையில் சொல்ல அம்மாணவியால் முடிந்தது. பலநாள் பயிற்சி அவர் பின்னால் நின்றது.

முறையீட்டுக்கும் இதுவே துணை

வசை மொழிந்த அந்தணன் ஒருவனிடம் புத்தர், விருந்தினர் உண்ணாத உணவு யாருக்கு உரியது என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. ஏற்காத வசை வைதவனிடமே திரும்பும் என்பது கருத்து. இதனைக் காட்டி, 'வைதால் பொறுத்துக்கொள்' என்று உங்களிடம் யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். உள்ளத்தில் அவ்வசையை ஏற்க மறுத்தல் ஒரு கடமை. அதனைச் சட்டத்தின் முன் நிறுத்துதல் மற்றொரு கடமை. இரண்டும் முரண்பட்டவையல்ல.

பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப்பெயர் சொல்லி வைதல், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியே அதனைப் புலனாய்வு செய்தல் வேண்டும். தகவலறிக்கையின் படியை முறையீட்டாளர் கட்டணமின்றிப் பெறலாம். ஆயினும் இச்சட்டத்தின் வலிமை நம் சொல்லின் வலிமையைப் பொறுத்தது. சினத்தில் 'தள்ளினான்' என்பதைக் 'கொல்ல வந்தான்' என்று எழுதிவிடுகின்றோம். அங்கில்லாதவர் பெயரையும் சேர்த்துவிடுகின்றோம். அந்த ஒரு மிகையைப் பற்றிக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முழு உண்மையையும் பொய்யாக்கிவிடுவார். ஆகவே, கொடுமை நேர்ந்த அன்றே அமருங்கள். மூச்சு அடங்கட்டும். எங்கே, எத்தனை மணிக்கு, யார், சொன்ன சொல் எது, அருகில் நின்றவர் எவர் என்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுங்கள். நம்முடைய உண்மைக்கு மிகை தேவையில்லை. அதுவே போதிய கடுமையுடையது.

வீட்டிலும் விடுதியிலும்

மேடையில் பேசுவதைவிட வீட்டில் பேசுவது கடினம். கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் சிலர், தந்தை என்ன வேலை செய்கின்றார் என்று உடன்பயில்வோர் கேட்டால் வேறு வேலையைச் சொல்கின்றனர். அவர்களை நாம் கடிந்துகொள்ளவில்லை. அப்பொய்யை அவர்கள் வாயில் வைத்தது இச்சமூகம். ஆயினும் அப்பொய் வளர்ந்து, ஒருநாள் தந்தை விடுதி வாயிலுக்கு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளச் செய்யும். 'என் தந்தை தூய்மைப் பணியாளர். அவர் உழைப்பில் நான் படிக்கின்றேன்' என்று ஒருமுறை நிமிர்ந்து சொல்லிப் பாருங்கள். சொல்லுமுன் நெஞ்சு படபடக்கும். அதனையும் அறிந்துகொண்டே சொல்லுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை உண்மை சொல்லும்போது முதலில் முழுமையாகக் கேளுங்கள். உண்மைக்கு அடி கிடைக்கும் வீட்டில் பொய்தான் வளரும். மதிப்பெண் குறைந்ததைத் தானே வந்து சொல்லும் பிள்ளைக்கு, அன்று திட்டு வேண்டா.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். வாட்ஸ்அப்பில் சினந்து அனுப்பிய ஒரு வரி ஊரெல்லாம் சுற்றி நீதிமன்றம் வரை செல்கின்றது. நம் தெருக்குழுவிலேயே, நேரில் பேசினால் தீரும் பிணக்கு எழுத்தில் பகையாகிவிடுகின்றது. அனுப்பும் விசையை அழுத்துமுன் இராகுலனின் கண்ணாடியை எடுங்கள். இது உண்மையா? பயனுடையதா? இது தக்க வேளையா? இன்சொல்லா? நட்புணர்வோடு எழுந்ததா? இவ்வைந்தும் புத்தர் நற்சொல்லுக்கு வகுத்த இலக்கணங்கள். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் ஒரு மூச்சு நேரம் பொறுங்கள்.

முடிவுரை

மூச்சை அறிவதால் மட்டும் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. நிலமும் கல்வியும் பணியும் சட்டமும் போராட்டமும் வேண்டும். அப்போராட்டத்தில் நிற்பவனின் சொல், பகைவன் தூண்டிய சொல்லாக இல்லாமல் அவனுடைய சொல்லாக இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். அச்சம் பேசவைத்தால் அது அடிமையின் சொல். சினம் பேசவைத்தால் அதுவும் பிறன் ஏவிய சொல்லே. தன்னை அறிந்து, உண்மையை, எதிரிலிருப்பவரும் மனிதர் என்னும் நினைவோடு சொல்பவனே விடுதலை பெற்றவன்.

அம்மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றோம். இன்று அவர் ஒரு மேஸ்திரி. நம் சங்கக் கட்டடத்தின் மேல்தளம் அவர் கைப்பட்டு எழுந்தது. அவ்வேலையின்போது அவரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை 'சாப்பிட்டியா'ன்னு கேட்டிருந்தா, எல்லாத்தையும் சொல்லியிருப்பேன், ஐயா" என்றார். எங்களுக்கு அதற்கு மறுமொழி இல்லை.

அன்றுமுதல் மாலைப் பாடசாலையில் ஒரு விதி உண்டு. தாமதமாக வரும் பிள்ளையிடம் ஆசிரியர் முதலில் 'சாப்பிட்டாயா?' என்றே கேட்க வேண்டும். மற்றவையெல்லாம் அதற்குப் பின்னரே. அவர் மகள் இப்போது இங்கே ஒன்பதாம் வகுப்பில் பயில்கின்றாள். சென்ற திங்கள் ஒருநாள் அவளும் தாமதமாக வந்தாள். ஆசிரியர் அக்கேள்வியைக் கேட்டார். அவள் சாப்பிடவில்லை என்றாள். ஏன் சாப்பிடவில்லை என்பதையும் தானே சொன்னாள். அவ்விதி சுவரில் எழுதப்படவில்லை. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் அதனை மறவாமல் காப்பது உங்கள் கடைப்பிடியாகுக!